கவ்வாத்து மலையில் கேட்ட பேர்

“பேர் என்ன, வயது என்ன?”

என் படிவத்தின் முதல் கேள்வி அதுதான். 1977 பெப்ரவரியில் எல்கடுவையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருபத்தேழு பேரிடம் அதைக் கேட்டிருந்தேன். யாரும் அதற்குத் தடுமாறவில்லை. தாய் இறந்த நாளுக்கு வரும்போது தடுமாறினார்கள். சின்ன வயதில் தங்களை வீட்டுவேலைக்கென்று கொழும்புக்கு ஏற்றிப்போன லொறியைப் பற்றிச் சொல்லும்போது தடுமாறினார்கள். ராசம்மா மட்டும் முதல் கேள்வியிலேயே கையைத் தூக்கினாள்.

“அந்த மெசின நிப்பாட்டுங்க.”

நிறுத்தினேன்.

“இதுல நான் சொல்றது எங்க போகும்? யாரு கேப்பாங்க?”

“பேராதனை கெம்பஸில ஒரு அலுமாரிக்குள்ள போகும். எங்கட விரிவுரையாளர் கேட்பார். வேற யாரும் இல்ல.”

“கவர்மெண்டு கச்சேரிக்குப் போகாதா?”

“போகாது.”

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. தொட்டிலில் சிணுங்கிய ஒரு பிள்ளையைக் காலால் ஆட்டிக்கொண்டே ரெக்கோடரைப் பார்த்தாள். தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்திருந்தோம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ராசம்மாதான் அங்கே ஆயா. பதினோரு பிள்ளைகள் அன்று. ஏழு தொட்டிலில், நான்கு பாயில்.

அவளுடைய தயக்கத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். குடும்பத்தை முன்னே அனுப்பிவிட்டு ஆறு வருஷமாகக் காத்திருந்த இந்தியப் பாஸ்போட் அவளுக்கு முந்தின வாரம் வந்திருந்தது. மார்ச் முடிவதற்குள் கப்பலேற வேண்டும். வீட்டார் எல்லோரும் அக்கரையில், இந்தியாவில் இருக்கிறார்கள். அந்தப் பாஸ்போட்டில் அவள் பெயர் ராசம்மா, பிறந்த வருஷம் 1948. அந்த இரண்டும் பொய் என்று ஒரு சொல் வெளியே போனால் கடதாசி ரத்தாகும், அவள் இங்கேயே கிடப்பாள்.

இரண்டும் பொய் என்பது எனக்கும் தெரியும். மூன்றாம் வகுப்பு வரை நானும் அவளும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அப்போது அவள் பெயர் காத்தாயி. என் வயதுதான் அவளுக்கும்.

இதை இப்போது எழுதுவது அவளுடைய அனுமதியோடுதான். அவள் போய்ச் சேர்ந்து, அங்கே குடும்ப அட்டையும் கிடைத்த பிறகு, “இனிமே எழுதலாம், யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க” என்று சொல்லி அனுப்பினாள். அதுவரை அவள் பேச்சைப் பதிந்த கெசட்டை நான் அலுமாரிக்குக் கொடுக்கவில்லை. சாறம் மடித்துவைக்கும் என் பெட்டிக்குள்தான் இருந்தது.

பட்டம் வாங்கிய கையோடு எனக்குப் பேராதனையில் ஆறு மாத வேலை ஒன்று கிடைத்திருந்தது. குழந்தைப் பருவத்தைப் பாதியில் தொலைத்தவர்களைத் தேடிப்போய், அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிந்து வரவேண்டும். வாய்மொழி வரலாறு என்று விரிவுரையாளர் அதற்குப் பெயர் சொன்னார். என் உம்மா கைறுன்னிஸா ஊருக்கு வேறு மாதிரிச் சொல்லியிருந்தார்: “எங்கட பலீல் கெம்பஸ் முடிச்சிட்டு ரேடியோவில வேல செய்றார்.” நான் திருத்தவில்லை. தோட்டத்துக்குக் கீழே ஆற்றோரமாக இருபது வீடுகள் எங்கள் ஊர். அங்கே அதுவரை யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் தொங்கவிட்ட வாப்பா, அதற்கு நேரே கீழே கருவாட்டுப் பெட்டியை வைத்திருந்தார். கருவாடு வாங்க வந்தவர்கள் எல்லோரும் என் பட்டத்தைப் பார்த்தார்கள்.

“என்னப் பாத்து ‘நீங்க’ன்னு சொல்றியே காத்தாயி,” என்றேன் மெதுவாக.

“டிகிரி வாங்கின ஆளு நீங்க. மரியாதை தெரியாதவன்னு நாளைக்கு நாலு பேரு சொல்லக் கூடாது பாருங்க.”

“என் சிலேட்டில எச்சி துப்பி அழிச்சது யாரு?”

“அது மரியாதை தெரியாத காத்தாயி. நான் ராசம்மா.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “அந்தக் காத்தாயியத் தெரிஞ்ச ஆளுங்க இங்க இன்னும் நாலஞ்சு பேருதான் இருக்கோம். நான் போனா அவ எங்கேயும் இல்ல. ஒரு கடதாசியில இல்ல, ஒரு பேரேட்டுல இல்ல. அங்க போய் எறங்குறவ ராசம்மாதான்.”

“அப்ப இதில சொல்லு.”

“சொல்லணும்னுதான் இருக்கு. பயமாவும் இருக்கு.”

நீ அக்கரை சேர்ந்து சொல்லும் வரை யார் காதிலும் இது விழாது என்று, அங்கே பாயில் படுத்திருந்த பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். “அந்தப் புள்ளைக்கு ஏற்கனவே மாந்தம், கைய எடுங்க,” என்றாள். ஆனால் மெசினைப் போடச் சொன்னாள்.

கெசட்டில் இருப்பது இனிமேல்தான்.

“எனக்கு முன்னாடி ஒரு அக்கா. அவதான் ராசம்மா. எங்க அப்பா, அம்மா ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துல வேலைய விட்டு, பேரு வெட்டின பத்துச்சீட்டு வாங்கிட்டு இங்க நடந்து வாறப்ப, வழியில காய்ச்சல். நாலு வயசு. ஆத்தோரத்துலயே பொதைச்சுட்டு வந்துட்டாங்க. செத்தத பழைய தோட்டத்துலயும் எழுதல, புதுத் தோட்டத்துலயும் எழுதல. அம்மா அந்தப் பொறப்புச் சாட்டிபிக்கேட்ட மட்டும் தகரப் பெட்டியில வச்சிருந்துச்சு. செத்த புள்ளையோட சாட்டிபிக்கேட்ட யாரும் வீசுறதில்ல. அடுத்த புள்ளைக்கு உதவும்னு வச்சுக்குவாங்க. அடுத்த புள்ள நான். நான் பொறந்தது சின்னம்மா வீட்டுல, யாரும் பதியல. என்னத் தூக்கிட்டு அம்மா லயத்துக்கு வந்தப்ப, தோட்டத்துக் கணக்குல ஏற்கனவே ஒரு பொட்டப் புள்ள இருந்துச்சு. ஒரு புள்ள இருந்த எடத்துல ஒரு புள்ள. யாருக்கு என்ன தெரியும்?”

பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அவளை அவளாகவே சேர்த்தார்கள். தர்மராஜா மாஸ்டர் பிறப்புப் பத்திரம் கேட்டார். “பொறவு கொண்டாறேன் சாமி,” என்று அவளுடைய அம்மா நல்லம்மா சொன்னார். மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தாய் சொன்னபடி 1953 என்று வரவு எழுதும் இடாப்பில் எழுதிக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர் அவர். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேரும் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குத்தான் மேடேறிப் போவோம். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு. ஒரு வகுப்பின் வாய்ப்பாடு இன்னொரு வகுப்பின் பாட்டோடு கலக்கும். பத்து மணிக்கு, இடாப்பில் உள்ள பேர்க் கணக்குப்படி, ஆளுக்கொரு பணிஸ் ரொட்டி வரும். அந்தப் பணிஸின் மேல்தோல் மட்டும் பளபளவென்று இருக்கும். காத்தாயி தோலை முதலில் உரித்துத் தின்றுவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளையை உருண்டையாக்கிக் கடைசி வரை கையில் வைத்திருப்பாள். ஏன் என்று கேட்டால், “பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் பணிஸ் இருக்கணும்ல,” என்பாள். இதைக் கெசட்டில் ஞாபகப்படுத்தினேன். அவள் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

“அந்த வாசம் இன்னும் இருக்கு,” என்றாள் பிறகு.

1962 மே மாதத்தில் அது முடிந்தது. அவளுடைய அப்பாவுக்கு இளைப்பு நோய் முற்றி, மலைக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது. லயத்தில் குடியிருக்கும் காம்பராவுக்கு இரண்டு ஆளாவது பேர் பதிந்து வேலை செய்யவேண்டும், இல்லையென்றால் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுக்க நேரும் என்று கங்காணி சொல்லிவிட்டுப் போனார். தம்பிமார் இருவரும் அரைஞாண் கயிறோடு திரியும் வயது. நல்லம்மா தகரப் பெட்டியைத் திறந்தார்.

“காலையில ஒம்பது வயசா எந்திரிச்சேன். ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்களத்துல பதினாலு வயசா நின்னேன்.” இதைச் சொல்லும்போது கெசட்டில் அவள் குரலில் ஒரு சின்னக் குதூகலம் கூட இருக்கிறது. “அம்மாவோட பழைய சேலையக் கிழிச்சுக் கட்டிவிட்டுச்சு. ராத்திரியெல்லாம் சொல்லிக் குடுத்துச்சு, ‘பேரு என்ன? ராசம்மா. வயசு? பதினாலு.’ கங்காணி என்னப் பாத்தாரு. ‘ஏ நல்லம்மா, பதினாலு வயசுப் புள்ளைய எங்க, முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கியா?’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா சிரிக்கல. ‘எங்க வம்சமே குட்டைங்க,’ன்னுச்சு. எங்க அம்மா நல்லா ஒசரம். கங்காணிக்குத் தெரியாமயா? அவருக்கும் ஆளு வேணும்.”

கூடைக்குள் அவளையே போட்டுத் தூக்கலாம் போல இருந்தது. தேயிலைச் செடி அவளுடைய கழுத்துக்கு மேலே. கொழுந்து இருக்கும் மட்டத்தை அவள் எட்டிப் பார்க்கவே முடியாது. அதனால் அவளைக் கவ்வாத்து மலையில் விட்டார்கள். கவ்வாத்து என்றால் செடியைத் தாழ வெட்டிக் குட்டையாக்குவது. வெட்டின மலையில் புதுத் துளிர் வரும்போது செடி முழங்கால் உயரம்தான். அந்த வருஷம் வெட்டியிருந்தது நான்காம் நம்பர் மலை. பள்ளிக்கூடத்துக்கு நேர் மேலே இருப்பது அது.

“அங்கதான் கேட்டுச்சு,” என்றாள்.

எனக்கு அவள் சொல்லவேண்டியதில்லை. அந்த எட்டு மாதமும் நான் கீழே இருந்தேன்.

அவள் வராத முதல் நாள், மாஸ்டர் இடாப்பு வாசித்தார். “காத்தாயி.” பதில் இல்லை. “காத்தாயி எங்கை?” லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள், மூச்சு விடக்கூடாது. கடைசியில் நானே, “வரல்ல சேர்,” என்றேன். இரண்டாம் நாளும் அப்படி. ஒரு கிழமை கழித்து நல்லம்மாவை மாஸ்டர் வழியில் நிறுத்திக் கேட்டாராம். நல்லம்மா அழுதாராம். அதற்குப் பிறகும் மாஸ்டர் தினமும் அந்தப் பெயரை வாசித்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பதில்லை. நாங்கள், “வரல்ல சேர்,” என்று கோரஸாகச் சொல்வோம்.

ஐந்தாம் வகுப்பு அண்ணன் ஒருவன் ஒருநாள் கேட்டேவிட்டான். “சேர், அவ இனி வர மாட்டா. ஏன் சேர் கூப்பிடுறீங்க?”

“பேரை வெட்டினால் பணிசும் வராதெடா,” என்றார் மாஸ்டர்.

காத்தாயியின் பெயருக்கு வந்த பணிஸை ஒரு கடதாசியில் சுற்றி என்னிடம்தான் கொடுப்பார். மலை வேலியோரத்தில் ஒரு தட்டைக் கல் உண்டு. அதன் மேல் வைத்துவிட்டு வர வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. தண்ணீர் குடிக்க இறங்கும்போது அவள் எடுத்துக்கொள்வாள். இதையும் நான் கெசட்டில் ஒத்துக்கொண்டேன்: பல நாள் அந்தப் பணிஸின் தோலை வழியிலேயே நான் உரித்துத் தின்றிருக்கிறேன்.

“நீயா!” என்று அவள் போட்ட சத்தத்தில் இரண்டு தொட்டில்கள் விழித்துக்கொண்டன. “எலின்னு நெனச்சேன்! எட்டு மாசம் எலியத் திட்டியிருக்கேன். டிகிரிக்கார எலி!”

‘நீங்க’ அதோடு போயிற்று.

“காலையில மலையில நெரை பிடிச்சு நிப்போம். கீழ மணி அடிக்கும். கையி கொழுந்துல இருக்கும், காது அங்க இருக்கும். பழனியாண்டி, சிவகாமி, உன் பேரு, அப்புறம் என் பேரு. ‘காத்தாயி’ம்பாரு. நான் வாய்க்குள்ள ‘வந்தேன் சேர்’னு சொல்லுவேன். பக்கத்து நெரையில அம்மா இருக்கும், அதனால ஒதடு அசையாமச் சொல்லுவேன். அது ஒண்ணுதான் பாரு. வீட்டுலயும் அந்தப் பேரு இல்லாமப் போச்சு. வாய் தவறி கங்காணி முன்னாடி வந்துரும்னு அப்பா சொல்லிருச்சு, இனிமே யாரும் அப்பிடிக் கூப்புடக் கூடாதுன்னு. தம்பிங்களுக்கு நான் ராசம்மா அக்காதான், வேற பேரே தெரியாது. அம்மாவும் ராசம்மான்னே கூப்புட்டுச்சு. முதல்ல முதல்ல அது கூப்புடுறப்ப ஒரு மாதிரி மெதுவா இருக்கும். என்னத்தான் கூப்புடுதா, ஆத்தோரத்துல விட்டுட்டு வந்தவளக் கூப்புடுதான்னு தெரியாது. ரெண்டு பேருமா எந்திரிச்சுப் போற மாதிரி போவேன்.”

நான் அவளைக் கோபித்துக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. அந்த வருஷம் ஆடி மாதத்துக் கோயில் திருவிழாவுக்கு முன்னால், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவளைக் கண்டேன். தலையில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு. சந்தோஷத்தில், “காத்தாயி!” என்று கத்தினேன். அவள் திரும்பவே இல்லை. மரம் மாதிரிப் போனாள். வேலைக்குப் போனதும் பெரிய ஆளாகிவிட்டாள், மதிக்கிறாள் இல்லை என்று நினைத்து, நாலு நாள் பணிஸைக் கல்லில் வைக்காமல் முழுதாகவே தின்றேன்.

“கேட்டுச்சு,” என்றாள். “கங்காணி பக்கத்துல நின்னாரு. அம்மா என் முழங்கையில ஒரு கிள்ளுக் கிள்ளிச்சு பாரு. இங்க.” கையைத் திருப்பிக் காட்டினாள். அதைக் கெசட் பிடிக்கவில்லை. அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் இருவரும் பார்த்தோம்.

அடுத்த ஜனவரியில் மாஸ்டருக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தது. புதிதாக வந்தவர் புது இடாப்பு எழுதினார். வராத பிள்ளையின் பெயரை அவர் எழுதவில்லை. அவர் மேல் குற்றமில்லை, அவருக்கு என்ன தெரியும்.

“அன்னைக்கு மணி அடிச்சுச்சு. பழனியாண்டி, சிவகாமி, பலீல். அப்புறம் வேற ஒரு பேரு. நான் தப்பாக் கேட்டுட்டேன்னு நெனச்சு மறுநாளும் காத்துட்டிருந்தேன். ஒரு கிழமை காத்துட்டிருந்தேன். எல்லாரும் கேப்பாங்க, நீ எப்ப ஸ்கூல விட்டேன்னு. மே மாசம்னுதான் சொல்லுவேன். ஆனா எனக்கு அந்த ஜனவரிதான்.”

அந்த இடத்தில் கெசட்டின் ஒரு பக்கம் முடிந்தது. திருப்பிப் போடுவதற்குள் அவள் எழுந்து பால் காய்ச்சப் போய்விட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக் காம்பராவின் சுவர் முழுக்கக் கரிக்கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு பெயர், ஒரு திகதி. மூன்றாம் வகுப்பு எழுத்து; ‘ண’வுக்குச் சுழி ஒன்று கூடவோ குறையவோ இருக்கும்.

“புள்ளைங்கள நிப்பாட்டி மாசா மாசம் கோடு போடுவேன்,” என்றாள் திரும்பி வந்து. “பேரு, தேதி. வெள்ளையடிக்க வந்தாங்க, விட மாட்டேன்னுட்டேன். நாளைக்கு எவளாவது எம் புள்ளைக்குப் பதினாலுன்னு சொன்னா, வாடீ, சுவத்தப் பாருன்னு இழுத்துட்டு வந்து காட்டுவேன்.”

பாஸ்போட் கதையை அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவளுக்கு அதில் அக்கறை குறைவு. ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலம்; 1969இல் குடும்பமாக எழுதிப் போட்டார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் தகப்பனின் கடதாசியிலேயே போகலாம். அவளுக்கு உண்மையில் பதினாறு. கடதாசியில் இருபத்தொன்று. வயது வந்தவள், தனியாக எழுதிப் போடவேண்டும் என்று அவளை மட்டும் வெட்டித் தனியாக வைத்தார்கள். உண்மையைச் சொன்னால் செத்த பிள்ளையின் பத்திரம் வெளியே வரும், எல்லோருடைய கடதாசியும் கெடும்.

“நான்தான் சொன்னேன், நீங்க முன்ன போங்க, பின்னாலயே வந்துர்றேன்னு. பின்னாலன்னா ரெண்டு மாசம்னு நெனச்சேன்.”

அவர்கள் போனது 1971இல். கண்டிக்குப் போக லொறி வந்து நின்றது. தகரப் பெட்டி, அம்மிக்கல், ஒரு சேவல். சேவலைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, அதை இறக்கி அவள் கையில் கொடுத்தார்கள். நல்லம்மா லொறியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒரு தடவ கூப்புடும்னு நெனச்சேன். லொறி போற நேரம்தானே, யாரு கேக்கப் போறா? வாயத் தொறந்துச்சு. பக்கத்துல அந்தக் கடதாசி பாக்குற ஐயா நின்னாரு. ‘ராசம்மா, சேவலுக்குத் தண்ணி வையி,’ன்னுச்சு. பாவம், பயந்துருச்சு.”

“சேவல் என்ன ஆச்சு?” என்று கேட்கிறது என் குரல். ஏன் அப்படிக் கேட்டேனோ, கெசட்டைக் கேட்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது.

“தின்னுட்டேன். எழுவத்திநாலுல அரிசி இல்லாதப்ப. தண்ணி வச்சுத்தான் வளத்தேன்.”

கடைசியில் மறுபடியும் முதல் கேள்விக்கு வந்தேன். பெயரையும் வயதையும் அவள் வாயால் ஒரு தரம் சொல்லிவிட்டால் என் படிவம் நிறையும். அவள் மறுத்துவிட்டாள்.

“நீ கேட்டு நான் சொன்னா அது சொன்னதாகாது. மாஸ்டர் கூப்புட்ட மாதிரிக் கூப்புடு. அந்த இடாப்பு இருக்கா பாரு.”

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை சுசீலாதேவி பழைய அலுமாரியின் பூட்டைக் கல்லால் தட்டித்தான் திறந்தார். “இதெல்லாம் கறையான் திண்டிருக்கும் தம்பி,” என்றார். கறையான் 1958ஐயும் 59ஐயும் தின்றிருந்தது. 1962 ஓரம் மட்டும் அரிபட்டு இருந்தது. பச்சை மை, மாஸ்டரின் சாய்ந்த எழுத்து. பதினேழாம் இலக்கம்: காத்தாயி, பிறந்த வருடம் 1953. மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை அந்த வரிசையில் ஒரு வராத குறி கூட இல்லை. எல்லா நாளும் வந்ததாகவே மாஸ்டர் போட்டிருந்தார். பணிஸுக்காகத்தான் அப்படிப் போட்டிருக்கவேண்டும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில், “அழுறீங்களா தம்பி?” என்று சுசீலாதேவி டீச்சர் கேட்டார். தூசி என்றேன்.

வராத குறி இல்லை என்று காத்தாயியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. கொண்டுபோய்க் காட்டினேன். விரலை வைத்துக் கட்டம் கட்டமாகத் தடவிக்கொண்டே போனாள், டிசம்பர் வரை.

“அப்ப அவருக்குக் கேட்டிருக்கு,” என்றாள்.

“என்ன?”

“நான் வாய்க்குள்ள சொன்னது.”

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் என்று நாள் குறித்தாள். சனிக்கிழமை அரைநாள் வேலை, பள்ளிக்கூடமும் பூட்டு. அவள் கப்பலுக்குப் புறப்பட அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தது. நான்காம் மலையில் அந்த வருஷம் மறுபடியும் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். தான் அங்கே மேலே நிற்பதாகவும், நான் கீழே பள்ளிக்கூடப் படியில் நின்று வாசிக்கவேண்டும் என்றும் சொன்னாள்.

“அங்க நிண்டு நீ சொன்னா மெசினில விழாது.”

“விழுற மாதிரிச் சொல்றேன்.”

“ஆக்கள் இருப்பாங்க காத்தாயி. கங்காணி கேட்டா?”

அவள் இடாப்பை மூடி என் கையில் வைத்தாள்.

ஆட்கள் இருக்கத்தான் செய்தார்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் சனிக்கிழமை பெண்கள் விறகு பொறுக்குவார்கள். வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி அடுப்புக்கு நன்றாக எரியும். பத்துப் பேராவது குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். மேல் பாதையில் குடையோடு ஒருவர் நடந்து போனார், கங்காணியின் நடை. தட்டைக் கல்லுக்கு மேலே, முழங்காலளவு செடிகளுக்கு நடுவே காத்தாயி நின்றாள். இப்போது செடி அவளை மறைக்கவில்லை. அவளுடைய பச்சைச் சேலை நன்றாகத் தெரிந்தது.

மெசினைப் படியில் வைத்தேன். பள்ளிக்கூட மணிக்குத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை ஒரு தரம் அடித்தேன். விறகு பொறுக்கியவர்கள் நிமிர்ந்தார்கள். இடாப்பைத் திறந்து, பதினான்காம் இலக்கத்திலிருந்து, மாஸ்டர் வாசிக்கிற மாதிரி நிமிராமல் வாசித்தேன்.

“பழனியாண்டி.”

மலையிலிருந்து அவள் கத்தினாள்: “வரல்ல சேர்! பாஸ்போட்டு வந்துருச்சு சேர்!”

விறகுப் பெண்கள் சிரித்தார்கள்.

“சிவகாமி.”

“வரல்ல சேர்! கப்பலேறிட்டா சேர்!”

என் பெயரை நானே வாசித்தேன். “வந்துட்டான் சேர், பணிஸ் திருடன்!” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து எழுத்து ஆடியது. அடுத்த வரி பதினேழாம் இலக்கம். குடைக்காரர் மேல் பாதையில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். வாசிப்பதா, பக்கத்தை மூடுவதா என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. அவளை ஏறிட்டுப் பார்த்தேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கைகளைப் பக்கத்தில் நேராக வைத்து, வகுப்பில் எழுந்து நிற்பது போல நின்றாள்.

“காத்தாயி,” என்று வாசித்தேன்.

கெசட்டில் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்கும். தூரத்தில் ஒரு பெண், “யாரது காத்தாயி?” என்று கேட்பது மங்கலாக விழுந்திருக்கிறது. அதன் பிறகு, சின்னதாக, ஆனால் ஒரு எழுத்தும் சிதையாமல், மலையிலிருந்து வந்தது:

“வந்தேன் சேர்! பென்சில் கொண்டு வரல்ல சேர்!”